கருவாயன் வெட்டிய மடை

நாய் மடை வெட்டியது என்று சொன்னால் வேறு ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஜெயமங்கலத்தில் யாரும் சிரிக்கவில்லை. டீக்கடையில் சொன்னார்கள், ரேசன் கடை வரிசையில் சொன்னார்கள், பெரியகுளம் போகிற மினிபஸ்ஸில் நின்றுகொண்டே சொன்னார்கள். மலைச்சாமியின் வெற்றிலைக் கொடிக்காலில் மழைத்தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றபோது, அவர் வளர்க்கிற கருவாயன் என்ற நாட்டுநாய் கடைமடையைக் காலால் பறித்துத் தண்ணீரை வாய்க்காலில் இறக்கி விட்டுவிட்டதாம். அறிவு கெட்ட மனுசனுக்கு இந்த நாய் எம்புட்டோ தேவலாம் என்று ஒரு பேச்சு. அதில் அறிவு கெட்ட மனுசன் யார் என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

மடையை வெட்டியது நாய் இல்லை. மலைச்சாமியின் சம்சாரம் பிச்சையம்மாள்.

எங்கள் பக்கத்தில் கொடிக்காலுக்குள் பெண்கள் போகக்கூடாது. அகத்தி மரங்களை வரிசையாக வளர்த்து அதில் கொடியை ஏற்றிவிட்டால் அது தோட்டம் இல்லை, கோயில். ஆண்களே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவார்கள். பொம்பளை கால் பட்டால் தீட்டு, கொடி வாடிப்போகும் என்பது பேச்சு. வெளியே கொட்டகைக்குள் உட்கார்ந்து வெற்றிலையைத் தரம் பிரிப்பது, நூறு நூறாக எண்ணிக் கவுளி அடுக்குவது, வாழைச் சருகில் பொதிந்து ஈரச்சாக்கு போர்த்துவது எல்லாம் பெண்கள் வேலை. அதற்குத் தீட்டு கிடையாது. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து பிச்சையம்மாள் அந்தக் கொட்டகையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். இலையைத் தொட்டாலே எத்தனை நாள் இலை என்று சொல்லிவிடுவாள். அது எந்தக் கொடியில் இருந்தது என்று பார்த்ததில்லை. கருவாயன் பிறந்த பதினைந்தாம் நாளிலிருந்து உள்ளேதான் படுக்கிறான். பன்றி வந்தால் குரைக்கிறான், எலியைப் பிடிக்கிறான், வெயில் ஏறினால் பாத்தி ஈரத்தில் வயிற்றைப் போட்டுத் தூங்குகிறான். அவனுக்குச் செருப்பும் இல்லை, தீட்டும் இல்லை.

அன்றைக்கு ஆடி மூணாஞ் சனி. ஊரில் பாதி ஆம்பளைகள் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்கு வேன் பிடித்துப் போயிருந்தார்கள். மலைச்சாமி குடலிறக்க ஆபரேசன் முடிந்து தேனியில் ஒரு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அவர்கள் மகள் கயல் டீச்சராக இருக்கிறாள். அவள்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டாள். காலையிலேயே மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. சாரல்தான் என்று நினைத்தால் மதியம் கொட்டு கொட்டென்று கொட்டிவிட்டது. மலைச்சாமியின் கொடிக்கால் பள்ளத்தில் இருக்கிறது. மேட்டில் இருக்கிற மேகாட்டுக் கொடிக்கால்களில் விழுகிற தண்ணீரெல்லாம் இதற்குள் வந்து, கோடியில் இருக்கும் கடைமடை வழியாக வாய்க்காலுக்குப் போக வேண்டும். பிச்சையம்மாள் வரப்பில் நின்று பார்த்தாள். தண்ணீர் வருகிறது, போகவில்லை. வெற்றிலைக் கொடிக்குத் தண்ணீர் வேண்டும், நிற்கிற தண்ணீர் ஆகாது. ஒரு பொழுது நின்றால் வேர் அழுகும், அப்புறம் அந்தக் கொடியை யாராலும் எழுப்ப முடியாது.

சாக்கைக் கொங்காணி மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு கொட்டகையிலிருந்து போன் போட்டாள்.

"ஏங்க, தண்ணி கரண்டக்காலுக்கு மேல நிக்குது. கடைமட அடச்சுப்போச்சு போல."

"மேகாட்டுக் கருத்தக்கண்ணனுக்குப் போன் போடு."

"அவுக குச்சனூர் போயிட்டாக. மணி அடிக்குது, எடுக்கல."

"வேற ஆம்பள ஆளு யாரும் இல்லையா அங்கன?"

"ஒரு ஈ காக்கா இல்ல."

"பொறு. மழ வெறிச்சா தானா வடிஞ்சிரும்."

"வடியாதுங்க. மேகாட்டுத் தண்ணி இன்னும் வந்துக்கிட்டே இருக்கு. நான் வேணா…"

"நீ வேணா என்ன? வெவரமில்லாமப் பேசாத. உள்ள கால வச்சிறாத, ஆமா. அம்மன் குடியிருக்குற எடம்."

போனை வைத்துவிட்டார். வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் நிம்மதியாகப் படுத்தாரா என்று எனக்குத் தெரியாது. பிச்சையம்மாள் கொஞ்ச நேரம் நின்றாள். கருவாயன் தண்ணீருக்குள் நாலு எட்டு போவதும் திரும்பி வந்து அவளைப் பார்த்துக் குரைப்பதுமாக இருந்தான். அவள் கொட்டகையில் சாத்தியிருந்த மம்பட்டியை எடுத்தாள். செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்தாள். ஈசானிய மூலையில் மஞ்சள் பூசி வைத்த கல்லைப் பார்த்துக் கும்பிட்டு, "ஆத்தா, என்னய என்ன வேணாலும் செஞ்சுக்க, கொடிய விட்ரு" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு உள்ளே இறங்கினாள்.

உள்ளே வெளிச்சம் குறைவு. மழைச் சத்தமே வேறு மாதிரி கேட்டது. வழி தெரியாமல் நாய் போன தடத்திலேயே போனாள். ஆளுயரத்துக்கு மேலே வரைக்கும் இலை, இலை மேல் இலை. இத்தனை வருசம் தன் கை வழியாகப் போனதெல்லாம் இங்கிருந்துதானா என்று அந்த அவசரத்திலும் ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். கடைமடையில் வாழைமட்டையும் அகத்திச் சிம்பும் வண்டலும் சேர்ந்து அடைத்துக்கொண்டிருந்தது. நாலு கொத்து கொத்தியதில் மம்பட்டிக் காம்பு ஆட ஆரம்பித்துவிட்டது. அதைக் கல்லில் தட்டி இறுக்கிக்கொண்டு மறுபடி வெட்டினாள். மட்டையைக் கையால் பிடுங்கியதில் இரண்டு விரலில் நகம் பெயர்ந்துவிட்டது. அதற்கப்புறம்தான் தண்ணீர் புரண்டு வாய்க்காலில் விழுந்தது.

பொழுது சாய வேனில் வந்து இறங்கிய கருத்தக்கண்ணன், நெற்றியில் கோயில் விபூதியோடு ஓடி வந்தார். மேகாட்டில் அடுத்த கொடிக்கால் அவருடையது. மலைச்சாமிக்குத் தம்பி முறை.

"மதினி, தண்ணி வடிஞ்சிருக்கே. மடையத் தொறந்தது யாரு?"

பிச்சையம்மாள் அதற்குள் சேலையை மாற்றியிருந்தாள். கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் கருவாயன் காதுவரைக்கும் சேறாக நின்றுகொண்டிருந்தான். "இது பறிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. இதுதான் தொறந்துருக்கும்" என்றாள்.

கருத்தக்கண்ணன் நாயைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஆமா மதினி, நாயாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பேச்சு அங்கிருந்து கிளம்பியதுதான்.

மலைச்சாமி வீடு திரும்பி, வயிற்றில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு மெதுவாக நடந்து கொடிக்காலுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "எப்படிங்க இருக்கு?" என்று பிச்சையம்மாள் கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு. நாயி கெட்டிக்காரப் பயதான்" என்றார். அவளுக்கு அப்பாடா என்று இருந்தது, ஆனால் பயம் போகவில்லை. கொட்டகையில் இலை பிரிக்கும்போது ஒரு பழுப்பு இலை கையில் வந்தாலும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். எப்போதும் வருகிற பழுப்புதான். இருந்தாலும் தன் காலால்தான் வந்தது என்று நினைத்தாள். "கொடி ஒண்ணும் வாடலையே?" என்று தினம் நாலு தடவையாவது கேட்டாள். "இல்லைங்கிறேன்ல" என்று அவர் எரிந்து விழுந்தார்.

கயல் வேலை பார்ப்பது தேனிப் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூடம். அவள் ஸ்டாஃப் ரூமில் நாய் கதையைச் சொல்ல, அது பிரின்சிபால் ஜெபஷீலாவின் காதுக்குப் போனது. பள்ளிக்கூடம் நடத்துவது அவர் வீட்டுக்காரர் வைகுண்டராஜ். பஜாரில் துணிக்கடையும் வைத்திருக்கிறார். ஆகஸ்ட் இருபத்தாறு பெண்கள் சமத்துவ நாள் என்று ஜெபஷீலா வருசா வருசம் கொண்டாடுவார். இந்த வருசம் போனில் தேடும்போது அதே தேதியில் நாய்களுக்கும் ஒரு நாள் இருப்பது தெரிந்தது. "ஒரே பந்தல், ஒரே மைக்செட். ரெண்டையும் முடிச்சிரு" என்று வைகுண்டராஜ் சொல்லிவிட்டார். கயலின் அம்மாவுக்கு உழைக்கும் பெண் என்று ஒரு சால்வை, கயலின் அப்பா வளர்த்த நாய்க்கு ஒரு பதக்கம். குடும்பத்தோடு வந்துவிட வேண்டும் என்று கார்டு வந்தது.

"நான் வரல. எனக்கு அடுக்கு வேல கெடக்கு" என்றாள் பிச்சையம்மாள்.

"அம்மா, பிரின்சிபால் மேடம் ஒன்னையத்தான் மொதல்ல கேட்டாக. வரலைன்னா எனக்கு அங்கன மொகங் காட்ட முடியாது."

"அதான் நாயி வருதுல்ல?"

"நாயி வந்தா நீ வந்த மாதிரியா?" என்று கயல் சிரித்தாள். மலைச்சாமி செய்தித்தாளை மடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

இருபத்தாறாம் தேதி வெள்ளிக்கிழமை காலையில் பள்ளிக்கூட வேனே வந்து ஏற்றிக்கொண்டு போனது. கருவாயனைக் குளிப்பாட்டிக் கழுத்தில் ரிப்பன் கட்டியிருந்தார்கள். அவனுக்கு அது பிடிக்கவில்லை. மேடையில் பெரிய ஃபிளெக்ஸ் கட்டியிருந்தது. ஒரு பக்கம் கையை உயர்த்திய பெண், இன்னொரு பக்கம் நாக்கைத் தொங்கப்போட்ட வெளிநாட்டு நாய், நடுவில் வைகுண்டராஜ். முதலில் பெண்கள் நிகழ்ச்சி. ஆணும் பெண்ணும் சமம், எந்தக் கதவும் பெண்ணுக்கு மூடியிருக்கக் கூடாது என்று ஜெபஷீலா பேசினார். நன்றாகத்தான் பேசினார். பிச்சையம்மாளை மேடைக்குக் கூப்பிட்டு ஊதா நிறச் சால்வையைப் போர்த்தினார்கள். அவள் விரலை மறைத்துக்கொண்டே கும்பிட்டு இறங்கி முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

அடுத்தது நாய்கள். பெரிய வீட்டுப் பொசுபொசு நாய்கள் மூன்று நான்கு வந்திருந்தன. ஆனால் கைத்தட்டல் கருவாயனுக்குத்தான். பதக்கம் போட்டவுடன், நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்த எப்சிபா என்கிற பதினோராம் வகுப்புப் பெண் மலைச்சாமி முன்னால் மைக்கை நீட்டினாள்.

"ஐயா, உங்க கருவாயன் என்ன செஞ்சதுன்னு எங்களுக்குச் சொல்லுங்க."

மலைச்சாமி மைக்கில் பேசியதே இல்லை. முதலில் தயங்கினார். தன் குரல் பந்தல் முழுக்கக் கேட்டதும் அவருக்கு ஒரு தைரியம் வந்துவிட்டது. "பேய் மழ பாத்துக்கங்க. நான் ஆஸ்பத்திரில கெடக்குறேன். கொடிக்காலுக்குள்ள தண்ணி தெப்பமா நிக்குது. கடைமடையில மண்ணு எறுகிப்போயி வாழ மட்ட வேற அடச்சுக்கெடக்கு. எவனும் சொல்லல. இவனாப் போயி முன்னங்காலுலயே பறிச்சு…" கையாலும் செய்து காட்டினார். பிள்ளைகள் தட்டினார்கள்.

"அப்ப வீட்டுல யாருமே இல்லையா ஐயா?"

"எம் பொஞ்சாதி இருந்தா. வரப்புல நின்னா."

"அவங்க ஏன் போயி வெட்டல?"

அந்தப் பிள்ளை வம்புக்குக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டது. மலைச்சாமியும் சின்னப் பிள்ளைக்கு விளக்கம் சொல்கிற மாதிரி சொன்னார். "கொடிக்காலுக்குள்ள பொம்பளைக வரக்கூடாது தாயி. அது சாமி எடம்."

"நாய் வரலாமா ஐயா?"

"நாயி வரலாம்."

மைக் அதை நாலு ஸ்பீக்கரிலும் சொன்னது. பிறகு பின்வரிசையில் ஒரு பிள்ளை சிரித்தது, அப்புறம் பந்தலே சிரித்தது. வைகுண்டராஜ் அதை ஜோக் என்று நினைத்துத் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். ஜெபஷீலா தலையைக் குனிந்து கார்டைப் பார்த்தார். ஓரத்தில் டீச்சர்களோடு நின்ற கயலின் முகம் செத்துப்போனது. மலைச்சாமி முன்வரிசையைப் பார்த்தார். எல்லாரும் சிரிக்கிறார்களே என்று பிச்சையம்மாளும் சிரித்துக்கொண்டிருந்தாள். வாயைப் பொத்திய கையில் அந்த இரண்டு விரலும் கறுத்துத் தெரிந்தன.

அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் மலைச்சாமி உள்ளே போயிருப்பார். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். சிரித்த பிள்ளைகள் மேல் கோபம் வந்தால்கூட ஒரு பிடி கிடைத்திருக்கும், அதுவும் வரவில்லை.

அதே வேனில் திரும்பி வந்தார்கள். பெரியகுளம் தாண்டியதும் கயல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அப்பா, அங்கன வச்சு அப்படிச் சொல்லிருக்க வேணாம்" என்றாள்.

"விட்ரு கயலு. அவுக உள்ளதத்தான சொன்னாக" என்றாள் பிச்சையம்மாள்.

உள்ளதைத்தானே என்று அவள் சொன்னது மலைச்சாமிக்குச் செருப்படியாக இருந்தது.

வீட்டு வாசலில் கருத்தக்கண்ணனும் மேகாட்டுக்காரர்கள் இரண்டு பேரும் பதக்கம் பார்க்கக் காத்திருந்தார்கள். கருத்தக்கண்ணன் நாயைக் கும்பிடுகிற மாதிரி பாவனை செய்து, "வாங்க மொதலாளி, மெடல் எத்தன பவுனு?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். மலைச்சாமி குனிய முடியாமல் குனிந்து, நாயின் கழுத்திலிருந்து பதக்கத்தைக் கழற்றினார்.

"நாயில்லடா. மடைய வெட்டுனது ஒங்க மதினி. உள்ள போயித்தான் வெட்டுனா. என்னமும் சொல்றதுன்னா என்னயச் சொல்லுங்க."

ரொம்பப் பெரிய காரியம் செய்துவிட்டதாக அவருக்கு ஒரு நினைப்பு. பிச்சையம்மாள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தவள் நிலைப்படியில் அப்படியே நின்றாள். இன்றைக்கு ஊர் கூடித் தன்னை என்ன செய்யும் என்று அவள் முகம் வெளுத்துவிட்டது.

கருத்தக்கண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "தெரியும்ணே" என்றார்.

"என்ன தெரியும்?"

"மம்பட்டி வெட்டு எங்களுக்குத் தெரியாதா? நாயி பறிச்சா மண்ணு பின்னால செதறிக் கெடக்கும். அங்கன ரெண்டு பக்கமும் அள்ளி அணச்சிருந்துச்சு. மறுநா விடியவே பாத்துட்டோம்."

"பின்ன ஏண்டா சொல்லல?"

"சொன்னா ஒங்க கொடிக்காலுக்குத் தீட்டும்பாக. ஒங்க மட வழியா வடிஞ்சுதான எங்க கொடிக்காலும் தப்பிச்சுச்சு? அப்ப எங்களுக்கும் தீட்டுதான. கோயிலுக்கு எல குடுக்குற கொடிக்காலு. அதான், நாயின்னே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டோம்." துண்டை மறு தோளுக்கு மாற்றினார். "நீங்களுந்தான் ஆஸ்பத்திரில இருந்து வந்த அன்னைக்கே மடையில நின்னு பாத்தீக. பாத்துட்டு நாயி கெட்டிக்காரப் பயன்னீக. ஒங்களுக்கும் அதான் தோதுன்னு நெனச்சோம்."

மேகாட்டுக்காரர் ஒருவர் இருமினார். பிச்சையம்மாள் செம்பை நிலைப்படியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். நின்றவர்கள் தண்ணீர் குடிக்காமலே கலைந்தார்கள்.

விளக்கு வைக்கிற நேரம். கயல் ஈரத்துணி எடுக்க மாடிக்குப் போயிருந்தாள். மலைச்சாமி கூடத்தில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். பிச்சையம்மாள் வந்து எதிரே நின்றாள்.

"அன்னைக்கே தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்."

"மடையப் பாத்து?"

"மடையயும் பாத்தேன். வீட்டுக்கு வந்து ஒன் வெரலயும் பாத்தேன்."

"அப்ப நான் அன்னையிலருந்து வெள்ளிக்கெழம தவறாம பச்சத்தண்ணி பல்லுல படாமக் கெடந்தது எதுக்குன்னும் தெரியும்."

அவர் வயிற்றுப் பெல்ட்டை இழுத்துச் சரிசெய்தார்.

"கயலுக்கு மாப்பிள்ள அமையணும்னு வெரதம்னு சொல்லிவச்சேன். அதுக்கில்ல. தப்புப் பண்ணிட்டேன், கொடிய வாடப்போட்றாதன்னு ஆத்தாகிட்ட அழுதேன். இந்தக் கூடத்துலதான் ஒங்களுக்கு எல போட்டேன். இன்னுங் கொஞ்சம் கொழம்பு ஊத்துன்னு கேட்டு வாங்கிச் சாப்ட்டீக. இவ எதுக்குப் பட்டினி கெடக்கான்னு தெரிஞ்சே சாப்ட்டீக."

"நாளையிலருந்து நீ உள்ள வரலாம் பிச்ச. எவன் என்ன சொல்றான்னு நான் பாக்குறேன்."

"நான் அதக் கேக்கலையே" என்றாள்.

அடுப்படிக்குப் போனாள். பானை மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. மலைச்சாமி வழக்கம் போலக் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். மதியம் அந்தப் பள்ளிக்கூடச் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை, நல்ல பசி. பிச்சையம்மாள் ஒரு தட்டில் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டு எடுத்துவந்து, அவருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமை முடிய இன்னும் நேரம் இருந்தது. அவசரம் இல்லாமல் சாப்பிட்டாள். அவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.

அவர் கழுவின கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றட்டுமா என்று அவளைக் கேட்கத் தோன்றியது.